முதலாம் ஆண்டு வகுப்பறை

மலேசியாவில் ஒரு பிள்ளை ஏழு வயதை எட்டும் ஆண்டில் தொடக்கப்பள்ளியில் காலடி எடுத்து வைக்கிறது. நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்கி வருகின்றன. அப்பள்ளிகளில் எழுத்துலகின் வாசலைத் திறந்துவிடும் பொறுப்பு முதலாம் ஆண்டு ஆசிரியரைச் சார்ந்தது. சிறுவர்களுக்கு 'அ', 'ஆ' சொல்லிக்கொடுப்பது எளிய வேலை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், பொறுமையும் திறனும் மிகுதியாகத் தேவைப்படும் வகுப்புகளுள் இதுவும் ஒன்றாகும்.

பள்ளி தொடங்கும் முதல் வாரத்தில் பாடத்தைவிடப் பழக்கமே முதலிடம் பெறுகிறது. அம்மாவின் கையை விடாமல் அழும் பிள்ளையை ஆற்றுப்படுத்த வேண்டும். கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்கவும், சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நின்று உணவு வாங்கவும், மீதிப் பணத்தைச் சரிபார்த்துப் பெறவும் கற்றுத்தர வேண்டும். ஒரு பாடவேளை 30 நிமிடம்தான். அந்த நேரத்திற்குள், "டீச்சர், இவன் என் அழிப்பானை எடுத்துக்கொண்டான்!" என்பது போன்ற பல வழக்குகளுக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்து வருவது எழுத்து. தமிழில் 12 உயிரெழுத்துகள், 18 மெய்யெழுத்துகள், 216 உயிர்மெய்யெழுத்துகள், ஓர் ஆய்த எழுத்து என மொத்தம் 247 எழுத்துகள் உள்ளன. இவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வது கடினம். எனவே, மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் முறையை ஆசிரியர் விளக்குகிறார். இங்கும் ஒரு சிக்கல் உண்டு. 'கெ' என்னும் எழுத்தில் 'எ' ஒலி பின்னால் கேட்கிறது. அதைக் குறிக்கும் ஒற்றைக்கொம்போ முன்னால் எழுதப்படுகிறது. 'கொ' என்று எழுதும்போது கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் மறுபக்கமும் நிற்கின்றன. ஒலியைக் கேட்டு அப்படியே எழுத முயலும் பிள்ளை தடுமாறுவது இயல்பே. பிள்ளை கவனமின்றி எழுதியதாக எண்ணிக் கடிந்துகொண்டால் பயனில்லை. தடுமாற்றத்தின் காரணத்தை அறிந்த ஆசிரியரால்தான் அதைக் களைய முடியும்.

பிள்ளைகள் அதே ஆண்டில் மலாய்மொழியையும் ஆங்கிலத்தையும் கற்கின்றனர். அவ்விரு மொழிகளும் உரோமன் எழுத்துகளில் எழுதப்பட்டாலும் ஒலிகள் வேறுபடுகின்றன. கோப்பையைக் குறிக்கும் 'சாவான்' என்ற மலாய்ச் சொல்லும், பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஒரே எழுத்து ஒரு பாடவேளையில் 'ச' என்றும், அடுத்த பாடவேளையில் 'க' என்றும் ஒலிக்கும்போது ஏழு வயதுப் பிள்ளை குழம்பாமல் இருக்குமா?

மேலும், எல்லாப் பிள்ளைகளும் ஒரே நிலையில் பள்ளிக்கு வருவதில்லை. பாலர்பள்ளியிலேயே கதைப்புத்தகம் வாசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையும், பென்சிலைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத பிள்ளையும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பர். வீட்டில் தமிழ் அதிகம் பேசாத பிள்ளைகளும் இருப்பர். முன்னவருக்குச் சலிப்பு ஏற்படக்கூடாது. பின்னவர் சோர்ந்துவிடவும் கூடாது. மாணவர் எண்ணிக்கை மிகக் குறைந்த சில பள்ளிகளில், இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் இணைத்துக் கற்பிக்கும் நிலையும் உண்டு. அங்கு ஆசிரியரின் பணி இருமடங்காகிறது.

இச்சவால்களைச் சமாளிக்க ஆசிரியர்கள் பல உத்திகளைக் கையாளுகின்றனர். காற்றில் விரலால் எழுதச் செய்வது, களிமண்ணால் எழுத்துகளை உருவாக்கச் செய்வது, பாட்டும் அசைவும் கலந்து கற்பிப்பது ஆகியவை அவற்றுள் சில. ல, ள, ழ ஆகிய ஒலிகளை வேறுபடுத்திக் காட்ட, நாவின் நுனி வாயில் எங்கே படுகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கின்றனர். விரைவாக முடித்த மாணவர் அருகிலிருக்கும் நண்பருக்கு உதவுகிறார். பின்தங்கிய மாணவர்களுக்குக் குறைநீக்கல் நடவடிக்கைகள் நடத்தப்படுகின்றன. 2019ஆம் ஆண்டு முதல் முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குத் தேர்வுகள் அகற்றப்பட்டு, வகுப்புசார் மதிப்பீடு முதன்மை பெற்றது. ஆகவே, ஒவ்வொரு பிள்ளையின் வளர்ச்சியையும் ஆசிரியர் நாள்தோறும் உற்றுநோக்கிப் பதிவுசெய்வது இன்றியமையாததாகிறது.

இவ்வளவு முயற்சியும் ஏன்? வாசிப்பு என்பது தமிழ்மொழிப் பாடத்தோடு முடிந்துவிடுவதில்லை. "கூடையில் 9 பழங்கள் இருந்தன. அவற்றில் 4 பழங்களை அம்மா எடுத்தார். மீதம் எத்தனை?" என்னும் கணக்கை எடுத்துக்கொள்வோம். கழிக்கத் தெரிந்த பிள்ளைக்கும், 'மீதம்' என்ற சொல்லை வாசிக்கத் தெரியாவிட்டால் விடை கிடைக்காது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை மேல் வகுப்புக்குச் செல்லச் செல்ல எல்லாப் பாடங்களிலும் பின்தங்க நேரிடும். நாளடைவில், 'எனக்குப் படிப்பு வராது' என்று தானே முடிவுகட்டிவிடும் ஆபத்தும் உண்டு. அந்த எண்ணம் வேரூன்றுவதற்கு முன்பே தடுக்கக்கூடிய இடம் முதலாம் ஆண்டு வகுப்பறைதான்.

இப்பணி தரும் மகிழ்ச்சியும் தனித்தன்மை வாய்ந்தது. பல மாதங்களாக ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்த பிள்ளை, ஒருநாள் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைத் தானாகவே வாசித்துவிட்டு, "டீச்சர், நான் படித்துவிட்டேன்!" என்று கூவும். முதல் வாரத்தில் வாசலில் நின்று அழுத பிள்ளை, ஆண்டிறுதியில் தம்பிக்குக் கதை வாசித்துக் காட்டுவதாகப் பெற்றோர் கூறுவர். இத்தகைய வளர்ச்சியை ஓராண்டுக்குள் கண்ணெதிரே காணும் வாய்ப்பு எல்லாப் பணிகளிலும் கிடைப்பதில்லை.

இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இன்று கட்டுரையை எளிதாக வாசித்துக் கருத்துரைக்கின்றனர். அந்த ஆற்றலுக்கு அடித்தளமிட்டவர்களுள் முதலாம் ஆண்டு ஆசிரியர் முக்கியமானவர். மே 16ஆம் நாள் ஆசிரியர் தினத்தன்று தமக்குத் தற்போது கற்பிக்கும் ஆசிரியர்களை வாழ்த்தும் மாணவர்கள், முதன்முதலில் கைப்பிடித்து எழுத வைத்தவரையும் நன்றியோடு நினைத்தல் சாலச் சிறந்தது.