ரெண்டு வீட்டுப் பொருத்தம்!

லேப்ல ரெண்டு ஃபயர்வால் ரவுட்டரைக் கொடுத்து, 'ரெண்டு ஆபீஸையும் இணைக்கிற மாதிரி ஐபிசெக் விபிஎன் போடுங்க'ன்னு சொன்னா அலறாதீங்க பாஸ்... எல்லாம் கல்யாண மேட்டர்தான்!

முதல் கட்டமான ஐ.கே.இ. நிச்சயதார்த்தம் மாதிரி. ரகசியச் சாவி, என்கிரிப்ஷன், ஹாஷ், டிஃபி-ஹெல்மன் குரூப்... நாலும் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகணும். சாவியில ஒரு எழுத்து மாறினாலும் சம்பந்தம் கட்!

ரெண்டாம் கட்டம்தான் கல்யாணம். எந்த நெட்வொர்க் எதோட பேசலாம்னு இங்கே எழுதணும். ரெண்டு பக்கமும் 192.168.1.0-ன்னு இருந்தா, பாக்கெட் வழி தெரியாம முழிக்கும். ஒண்ணை மாத்திடுங்க.

டன்னல் வந்துடுச்சா? உடனே விசில் அடிக்காதீங்க. ரெண்டு பக்கமும் பழைய 'டெஸ்' வெச்சிருந்தாலும் டன்னல் ஜோரா வரும். ஆனா, 56 பிட் சாவி கொண்ட அந்த டெஸ்ஸை 1998-லேயே ஒரு மெஷின் 56 மணி நேரத்துல உடைச்சிடுச்சு! ஏஇஎஸ்-256, ஷா-256, குறைஞ்சது குரூப் 14... இதுதான் சேஃப்.

பொருத்தம் மட்டும் பார்த்தா பத்தாது. மாப்பிள்ளை ஸ்ட்ராங்கான்னும் பாருங்க!