இயந்திரம் நின்றால் இலை காத்திருக்காது

விடுமுறைக்குக் கேமரன் மலை ஏறும் நம் குடும்பங்கள், தேயிலைச் சரிவுகளைப் படம் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஏறினால் முதலில் வரவேற்கும் ஊர் கம்போங் ராஜா. அங்கே சற்று நின்று கவனியுங்கள். காய்கறி லோரிகள், மருந்து தெளிக்கும் பம்புகள், தலைமுறை தாண்டிய லேண்ட் ரோவர்கள் என்று எங்கு பார்த்தாலும் இயந்திரம்தான். பழுது பார்ப்பவர்கள் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மலையின் பிழைப்பே தடுமாறிவிடும்.

தேயிலையையே எடுத்துக்கொள்வோம். பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டு, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். உருட்டிய இலை நொதிக்கத் தொடங்கிவிட்டால் யார் சொன்னாலும் நிற்காது. அந்த நேரம் பார்த்து உலர்த்தும் இயந்திரம் படுத்துக்கொண்டால் அந்த இலையின் தரம் போயிற்று. அப்போது எல்லோரும் தேடுவது மெக்கானிக்கைத்தான்.

1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலத்தில் கொழுந்து பறிப்பது முழுக்கக் கை வேலை. நம்மவர்கள் கூடை சுமந்த சரிவுகளில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். சரிவு குறைந்த இடங்களில் இருவர் பிடித்து நடக்கும் வெட்டும் இயந்திரமும் வந்துவிட்டது. பறிக்கும் கை குறையக் குறைய, பழுது பார்க்கும் கைக்குத் தேவை கூடுகிறது.

ஆனால் இந்த வேலை அரசாங்கக் கணக்கில் சிதறிக் கிடக்கிறது. எம்.எஸ்.ஐ.சி. 2008 என்ற தொழில் வகைப்பாட்டில் இயந்திரப் பழுது 33-ஆம் பிரிவு, வாகனப் பழுது 45, கணினி மற்றும் வீட்டுப் பொருள் பழுது 95. தோட்டத்திலேயே சம்பளம் வாங்கும் மெக்கானிக், தோட்டத்தின் கணக்கில் சேர்ந்துவிடுவார். இப்படிச் சிதறியிருப்பதால் பஹாங்கிலும் சரி, மற்ற மாநிலங்களிலும் சரி, இது ஒரு பெரிய துறை என்ற எண்ணமே பெற்றோருக்கு வருவதில்லை. 'படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்' என்ற மிரட்டலும் நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை.

வேலையும் மாறிவிட்டது. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் தயாரிப்பு 2016 ஜனவரியோடு நின்றது. அந்த வண்டியின் கோளாறை அனுபவசாலிகள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். 2024 டிசம்பரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 7 போன்ற மின்சாரக் காரிடம் அது பலிக்காது. கணினியில் பார்க்கத் தெரிய வேண்டும். உயர் மின்னழுத்தத்தைக் கையாளும் பயிற்சி வேண்டும். கட்டடங்களுக்கு வயரிங் செய்வதற்கும் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் தேவை.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கையில் முப்பது வருட அனுபவம், காட்டுவதற்கு ஒரு காகிதம்கூட இல்லை. இப்படி எத்தனையோ அண்ணன்மார் நம்மிடையே இருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். அதற்கு மேல் கேட்க வேண்டுமென்றால் கையில் ஏதாவது ஆதாரம் இருக்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை எஸ்.கே.எம். சான்றிதழ் வழங்குகிறது. பி.பி.டி. என்ற முன்அனுபவ அங்கீகாரத் திட்டத்தில், செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்து மதிப்பீட்டில் தேறினால், மீண்டும் வகுப்பில் உட்காராமலேயே அந்தச் சான்றிதழைப் பெறலாம். இளையோருக்கு 2005 முதல் எஸ்.எல்.டி.என். திட்டம் உள்ளது. அதில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நடக்கிறது.

சொந்தப் பட்டறை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காருக்கு அடியில் படுத்திருக்கும்போது ஜேக் வழுக்கினால் குடும்பத்தின் கதி என்ன? சுயதொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் சந்தா கட்டலாம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கைராசிக்காரர் இருந்தால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். அவர் பழுது பார்த்த இயந்திரங்களின் படங்கள், ரசீதுகள், முதலாளியின் கடிதம் என எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவருக்காகப் பேசப்போவது அந்தக் கோப்புதான்.