பழைய ராணுவ லாரி என்ஜினைக் கிளப்பும் முறை

1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட ஜி.எம்.ஸி. 2½ டன் லாரிகள் 5 லட்சத்துக்கு மேற்பட்டவை. 1944-ல் பிரான்சில் முன்னேறிய சேனைக்குப் பெட்ரோலும் குண்டுகளும் சுமந்தவை பெரும்பாலும் இவையே. அஸ்ஸாமிலுள்ள லேடோவிலிருந்து பர்மா மலைகளினூடே போடப்பட்ட பாதையிலும் இவை ஓடின. யுத்தம் முடிந்தபின் உபரியாக விற்கப்பட்ட வண்டிகள் மரம் இழுக்கவும் பண்ணைச் சாமான் ஏற்றவும் பல தேசங்களில் நெடுங்காலம் உழைத்தன. இன்றும் இவற்றைப் பழுதுபார்த்து வைத்திருப்போர் உண்டு. அவ்வித வண்டியை வாங்க விரும்பும் குடியானவர்கள் முதலில் அறியவேண்டியது அதைக் கிளப்பும் முறையே. தண்ணீர் இறைக்கும் பழைய பெட்ரோல் என்ஜினை வைத்திருப்போருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்த என்ஜின் ஆறு ஸிலிண்டர்கள் உடையது. கொள்ளளவு 270 கன அங்குலம், அதாவது சுமார் 4.4 லிட்டர். இதன் மின்சாரம் 6 வோல்ட்டு மாத்திரமே. ஒரே வேலைக்கு 12 வோல்ட்டு வண்டியில் ஓடுவதைப்போல் இருமடங்கு மின்னோட்டம் இதில் ஓடவேண்டியிருப்பதால், பாட்டரிக் கம்பிகள் தடிப்பாயும், அவை சேரும் முனைகள் சுத்தமாயும் இருத்தல் அவசியம். கடையில் கிடைத்த மெல்லிய கம்பியை மாட்டிவிட்டு, ஸ்டார்ட்டர் சோம்பலாய்ச் சுற்றுகிறதென்று அதைக் கழற்றிப் பழுதுபார்ப்பது வீண் செலவு.

வண்டி சில வாரங்கள் நின்றிருந்தால் கார்புரேட்டரின் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். பேரிங்குகளிலிருந்த எண்ணெயும் வடிந்திருக்கும். ஆகையால் எண்ணெயும் தண்ணீரும் பார்த்து, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, இக்னிஷனை மூடியவாறே முன்புறக் கைப்பிடியால் என்ஜினைச் சில சுற்றுகள் மெதுவாகச் சுற்றவேண்டும். எங்கேனும் இறுகினால் அப்போதே தெரிந்துவிடும். கைப்பிடியைப் பிடிக்கையில் கட்டைவிரலை மற்ற விரல்களுடன் ஒரே பக்கமாய் வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலாக இழுக்கவேண்டுமேயன்றி மேலிருந்து அழுத்தலாகாது. என்ஜின் திருப்பி உதைத்தால் கை தானே விடுபடும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தவருக்கு மணிக்கட்டு முறியும்.

பின்னர் சோக் குமிழை முழுவதும் வெளியே இழுத்து, கைத் திராட்டிலைச் சிறிதளவு திறந்து, இக்னிஷனைப் போடவேண்டும். இடது கால் கிளச்சையும் வலது கால் தரையிலுள்ள ஸ்டார்ட்டர் மிதியையும் அழுத்துவதால், ஆக்ஸிலரேட்டருக்குக் கால் மிஞ்சாது. கைத் திராட்டில் இதற்கு உதவும். கிளச்சை அழுத்துவது வீணன்று. கியர்ப்பெட்டியிலுள்ள கெட்டி எண்ணெயையும் சேர்த்துச் சுற்றும் பாரம் அதனால் குறைகிறது. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சுற்றாமல், இடையில் ஒரு நிமிஷமேனும் ஸ்டார்ட்டரை ஆறவிடவேண்டும். என்ஜின் பிடித்தவுடன் சோக்கைப் பாதி உள்ளே தள்ளி, எண்ணெய் அழுத்தம் காட்டும் கடிகையைப் பார்க்கவேண்டும். அரை நிமிஷத்துக்குள் முள் எழாவிடில் என்ஜினை நிறுத்திக் காரணம் தேடுக. சூடேறச் சூடேறச் சோக்கை முழுதும் உள்ளே தள்ளவேண்டும். வெளியே இழுத்தபடியே ஓட்டினால், மிஞ்சிய பெட்ரோல் ஸிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக் கீழே இறங்கி, அடியிலுள்ள எண்ணெயையும் நீர்த்துவிடும். எண்ணெய்க் கோலை முகர்ந்து பார்த்தாலே இது தெரியும்.

இதுவரை சொன்னதை அநேகர் அறிவர். தொந்தரவெல்லாம் சூடான என்ஜினில்தான். சந்தைக்கு ஓட்டிச்சென்று நிறுத்தியதும் உடனே கிளப்பினால் பிடித்துக்கொள்ளும். கால்மணி கழித்து வந்தால் சண்டித்தனம் செய்யும். ஓடும்போது விசிறிக் காற்றும், இடைவிடாது வரும் புதுப் பெட்ரோலும் கார்புரேட்டரைக் குளிரவைக்கின்றன. நின்றபின் இரண்டும் இல்லை. புகைக் குழாயின் உஷ்ணம் மேலே ஏறி, கிண்ணத்திலுள்ள பெட்ரோலைக் கொதிக்கச் செய்ய, அது வழிந்து உறிஞ்சு குழாயில் நிறைகிறது. காலையில் செய்ததுபோலவே இப்போதும் சோக்கை இழுப்பவர், மூழ்கியிருப்பவன் வாயில் தண்ணீர் ஊற்றுகிறார். இச்சமயம் வேண்டுவது காற்று. சோக்கைத் தொடாமல், திராட்டிலைப் பாதிக்கு மேல் திறந்து அசையாது வைத்துச் சுற்றவேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்கலாகாது. ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் இன்னும் சிறிது பெட்ரோலைப் பீய்ச்சும். பிடித்தவுடன் திராட்டிலைக் குறைத்துவிடுக.

இன்னும் நேரம் கழிந்தால் நிலைமை மாறும். கொதித்துப்போன கிண்ணம் காலியாகவும், குழாயிலும் பம்பிலும் ஆவி அடைத்தும் இருக்கலாம். அப்போது பெட்ரோல் வாசனையே வராது. மூடியைத் திறந்து வைத்து, பம்பின்மீதும் குழாயின்மீதும் ஈரத்துணி சுற்றி, பத்து நிமிஷம் பொறுத்தபின், சோக்கைச் சிறிதே இழுத்துச் சுற்றலாம். பம்பில் கைநெம்பு இருந்தால் அதனால் கிண்ணத்தை நிரப்பிக்கொள்வது நலம். ஆகவே சூடான என்ஜின் கிளம்பாதபோது முதலில் செய்யவேண்டியது முகர்ந்து பார்ப்பது. வாசனை மிகுந்தால் காற்று. வாசனை இல்லையேல் பெட்ரோல். திராட்டிலைத் திறந்து சுற்றியும் வாசனை மட்டும் மிகுந்து, ஒரு வெடிப்பும் இல்லையெனில், சூட்டில் சோர்ந்துபோகும் காயிலையும் கண்டென்ஸரையும் சந்தேகிக்கலாம்.

இத்தொல்லை இக்காலத்தில் கூடியிருக்கிறது. இன்றைய பெட்ரோல், மூடிய குழாயில் அழுத்தத்துடன் செலுத்தப்படும் புது என்ஜின்களை உத்தேசித்தது. திறந்த கிண்ணத்தில் எளிதில் கொதிக்கும். 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு நூற்றுக்கு 20 ஆயிற்று. கரும்பும் மக்காச்சோளமும் விளைவிப்போர் இதற்கு மகிழலாம். எனினும் 1940-களின் ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் எத்தனால் இளகச் செய்யும், ஈரத்தையும் உறிஞ்சும். எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாயும் சவ்வும் போட்ட பிறகே வண்டியை ஓட்டவேண்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதாயின் டாங்கியைக் காலி செய்துவிடவேண்டும்.

கிளம்பாத கோபத்தில் காற்று வடிகட்டியைக் கழற்றி, ஒருவர் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்ற மற்றொருவர் ஸ்டார்ட்டரை மிதிக்கும் வழக்கம் மிகவும் அபாயகரமானது. என்ஜின் பின்வெடித்தால் ஊற்றுபவர் கையிலுள்ள டப்பாவே தீப்பற்றும். வடிகட்டி தன் இடத்திலிருந்தால் அச்சுவாலையை அது தடுக்கும். கொட்டகையில் ஓலையோ வைக்கோலோ இருக்குமானால், கிளப்புமுன் வண்டியை வெளியே தள்ளி நிறுத்தி, ஒரு வாளி மணலை அருகில் வைத்துக்கொள்ளவேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றலாகாது; அது தீயைப் பரப்பும்.