போய்ப் பார்த்துத் திரும்பட்டும் நம் பிள்ளைகள்

மார்கழி பிறந்து சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கினால், ஹட்டன் பஸ் நிலையத்தில் வெளிநாட்டு இளைஞர், யுவதிகளைக் காணலாம். முதுகில் பெரிய பை, காலில் தடித்த சப்பாத்து. மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பஸ்ஸுக்காக நிற்பார்கள். இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். பெண் பிள்ளைகள் தனியாகவும் வருவார்கள். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் என்னிடம், பையின் பட்டி அறுந்துவிட்டது என்று தைக்கக் கொண்டுவருவதும் உண்டு.

"இதுகளைக் கண்டிக்க வீட்டில் ஆளில்லையா?" என்று சொல்லிக்கொண்டே தைத்துக் கொடுத்தவள்தான் நானும்.

2024ஆம் ஆண்டு முடிவில் ஒருநாள் என் மகள் கேட்டாள். "அம்மா, நானும் ஒருமுறை இப்படிப் பையைப் போட்டுக்கொண்டு இந்தியாவுக்குப் போய்வரவா? வேலைக்கு இல்லை. பார்த்துவிட்டு வரத்தான்."

அவளுக்கு 23 வயது. தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று இரவு அவளோடு பேசவே இல்லை. கோபத்துக்குள்ளே இருந்தது பயம் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நாம் தூக்கிய பைகள்

சகோதரிகளே, பை தூக்குவது நமக்குப் புதிதல்ல. ஆனால் நாம் விரும்பித் தூக்கிய பை எது என்று எண்ணிப் பாருங்கள்.

1820களில் தொடங்கி நமது முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலாலும் பசியாலும் வழியில் இறந்தவர்கள் ஏராளம். அந்த நடையின் 200 வருட நினைவாக 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது.

இரண்டாவது பையைத் தூக்கியவர் என் பெரியம்மா. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு நம் சனங்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஒரு தகரப் பெட்டியோடு அதில் ஏறிய பெரியம்மாவை அம்மா மறுபடி காணவே இல்லை.

மூன்றாவது, சின்னம்மாவின் பை. 1983 கலவரத்துக்குப் பிறகு பாதுகாப்புத் தேடிக் கிளிநொச்சிக்குப் போனவர்கள் அவர்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, பிறகு செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமில் இருந்தார்கள். கதவோரத்தில் கட்டி வைத்த பையைக் கண்டால் இன்றைக்கும் சின்னம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும்.

நான்காவது என்னுடையது. வளைகுடா நாடொன்றில் இரண்டு வருடம் வீட்டு வேலை செய்தேன். போன அன்றே என் கடவுச்சீட்டை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அந்த ஊரில் கடல் இருக்கிறது என்பதையே, திரும்பி வரும்போது விமானத்திலிருந்துதான் பார்த்தேன். 'வெளிநாடு போய் வந்தவள்' என்று ஊரில் சொல்கிறார்கள். நான் கண்டதெல்லாம் ஒரு குசினிதான்.

இந்த நான்கில் ஒன்றுகூட நாமாக நாள் குறித்து, எப்போது திரும்புவது என்று தீர்மானித்துப் போன பயணம் அல்ல. மகள் கேட்டது அப்படியொரு பயணத்தை. அந்த வித்தியாசம் தெரியாமல் நான் எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துப் பயந்திருந்தேன்.

பள்ளிக்கூடத் தரையில் ஓர் இரவு

இளம் பிள்ளைகள் குறைந்த செலவில் ஊர் சுற்றும் பழக்கம் பணக்காரர் வீட்டில் தொடங்கியது அல்ல. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்றொரு பள்ளிக்கூட ஆசிரியர் இருந்தார். 1909ஆம் ஆண்டு மாணவர்களை நடைபயணம் கூட்டிப் போனபோது பெரும் புயல்மழை பிடித்துக்கொண்டது. ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பிப் பிள்ளைகளைத் தூங்க வைத்தார். ஏழைப் பிள்ளைகளும் தங்கிப் போக ஊருக்கு ஊர் இப்படி ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை அன்றைக்கு வந்தது. 1912இல் அல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் இளைஞர் விடுதி திறந்தார். பிறகு பல நாடுகளிலும் இத்தகைய விடுதிகள் வந்தன.

பள்ளிக்கூடத் தரையில் படுத்த அனுபவம் நமக்கும் உண்டு. நாம் அகதியாகப் படுத்தோம். ஒதுங்கக் கூரையும், விடிந்தால் போக ஓர் ஊரும், திரும்ப ஒரு வீடும் இருந்ததால் அந்தப் பிள்ளைகள் அதை இனிய நினைவாகக் கொண்டு போயிருப்பார்கள்.

மகள் போய் வந்தாள்

கடைசியில் நான் சம்மதித்தேன். மகளோடு அவளுடைய சிநேகிதி ஒருத்தியும், கிளிநொச்சியிலிருந்து சின்னம்மாவின் பேத்தியும் போவதாக முடிவாயிற்று. "நாங்கள் தூக்கினது போதாதா, நீங்களும் தூக்க வேணுமா?" என்று சின்னம்மா அழுதார். "அம்மம்மா, நாங்கள் ஓடவில்லை. பதினைந்தாம் நாள் வந்துவிடுவோம்" என்று பேத்தி சொன்னாள்.

காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் கப்பல் சேவை தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்தி வைப்பதும் உண்டு. இவர்கள் 2025 மார்ச்சில் அதில் போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்று பஸ்ஸிலே போய் நீலகிரி மலையேறினார்கள். கையில் இருந்தது பெரியம்மா அனுப்பிய பழைய கடிதத்தின் உறை. அதில் கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெயர் இருந்தது.

தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. 'டான்டீ' என்று சொல்வார்கள். அங்கேதான் பெரியம்மா கொழுந்து பறித்திருக்கிறார். பிள்ளைகள் போனபோது அவர் உயிரோடு இல்லை. அவருடைய மகள் இருந்தார். மூன்று பேரையும் கட்டிப்பிடித்து அழுது, ஐந்து நாள் விடவில்லையாம். அன்றிரவு தொலைபேசியில் நானும் என் பெரியம்மா மகளும் முதல்முறை பேசினோம். இரண்டு பேருக்கும் வார்த்தை வரவில்லை.

திரும்பி வந்த மகள் சொன்ன ஒன்று என் மனதில் நிற்கிறது. "அம்மா, அங்கேயும் லயம்தான். இங்கே நம்மை இந்தியத் தமிழர் என்கிறார்கள். அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்கிறார்கள்."

இதைப் புத்தகத்தில் படித்திருக்கலாம். ஆனால் நேரில் கேட்டு வந்தவளின் பேச்சில் ஒரு தெளிவு இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, விசாரித்து, ரயில் நிலையத்துப் பெண்கள் அறையில் இரவைக் கழித்திருக்கிறார்கள். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. ஆனால் இப்போது கச்சேரியில் காகிதம் ஒன்றுக்காகப் போனால், உத்தியோகத்தர் முகத்தைப் பார்த்து அவள்தான் பேசுகிறாள். நான் பின்னால் நிற்கிறேன்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சீட்டுப் போட்டு, ஒரு வருடத்துக்கு மேல் சேர்த்த காசு அது. பெரியபிள்ளை சடங்குக்கு மண்டபம் எடுத்து நாம் செலவழிப்பதைவிடக் குறைவுதான். அதுவும் முடியாதவர்கள் முதலில் நாட்டுக்குள்ளேயே தொடங்கலாம். ஹட்டன் பிள்ளை யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். வன்னிப் பிள்ளை மலையைப் பார்க்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இதில்தான் சிக்கல் வருகிறது. கடவுச்சீட்டுக்குக் கண்டியிலும் வவுனியாவிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு.

இந்தியாவுக்கு விசா எடுக்க வேண்டும். நேபாளம் சார்க் நாட்டவருக்கு வருடத்தில் முதல் 30 நாட்களுக்குக் கட்டணமின்றி விசா கொடுக்கிறது. விதிகள் மாறக்கூடியவை. புறப்படுமுன் அந்தந்தத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் பயணத்தில் இரண்டு, மூன்று பேராகப் போவது நல்லது. திரும்பும் ரிக்கட்டை முன்பே எடுக்க வேண்டும். கடவுச்சீட்டின் பிரதியொன்றை வீட்டில் வைக்க வேண்டும். அசலைப் பாதுகாக்கவென்று யார் கேட்டாலும் கொடுத்து வைக்கக்கூடாது. பிறர் தரும் பொதியை வாங்கக்கூடாது. தினமும் ஒரு நேரத்தில் வீட்டுக்குப் பேச வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. "சுற்றுலா விசாவில் போ, அங்கே போனதும் வேலை எடுத்துத் தருகிறேன்" என்று சொல்பவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். அப்படிப் போய் ஓமானில் சிக்கிய நம் நாட்டுப் பெண்களின் கதை 2022இல் வெளியே வந்தது. பார்க்கப் போவது வேறு, வேலைக்குப் போவது வேறு. வேலைக்கென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துதான் போக வேண்டும்.

சகோதரிகளே, நாடற்றவராக இருந்த நம் பெற்றோரால் கடவுச்சீட்டு என்ற புத்தகத்தைக் கையில் தொடவே முடியவில்லை. மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இன்று நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறது. அதை வீட்டு வேலைக்கு மட்டுமென்று நாமே ஒதுக்கி வைக்க வேண்டாம். நம் பயத்தைப் பிள்ளையின் பைக்குள் வைத்துக் கட்டவும் வேண்டாம். விசாரித்து, எச்சரித்து, வழியனுப்பி வையுங்கள். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து நமக்குச் சொல்லட்டும்.