முப்பது நொடியில் ஊமையாகும் கீபோர்டு

திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனி. பேக்கிங் வரிசையின் கடைசியில், தகரப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு. பார்கோடு ஸ்கேனர், லேபிள் பிரிண்டர், கீபோர்டு மூன்றும் அதன் யுஎஸ்பி துளைகளில்தான் மாட்டியிருந்தன. அதில் ஓடும் லினக்ஸின் கெர்னலைப் புதிதாக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை சூப்பர்வைசரின் போன்.

"சார், ஸ்விட்ச் போட்டதும் கீபோர்டு நல்லா வேலை செய்யுது. பாஸ்வேர்டு அடிச்சு முடிக்கறதுக்குள்ள போயிடுது. கீபோர்டை மாத்திட்டோம், அடாப்டரையும் மாத்திட்டோம். அதேதான்."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கீபோர்டு மட்டுமல்ல, ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சமும் கூடவே அணைந்தது. நான்கு முறை போட்டுப் பார்த்ததில் நான்கு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில், அரை நிமிடத்துக்குச் சற்று மேல். பழுதான பொருள் இப்படி மணி பார்த்துக்கொண்டு அணையாது. யாரோ அணைக்கிறார்கள் என்று தோன்றியது.

அணைத்தது கெர்னல். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கரு அது. வன்பொருளை நேரடியாகத் தொடுகிற உரிமை அதற்குத்தான். அது ஏன் அணைத்தது என்பதைப் புரிந்துகொள்ள, போர்டுக்குள் கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு சில்லைப் பார்க்க வேண்டும்.

அந்த போர்டின் ப்ராசசரிலிருந்து வெளியே வருவது ஒரே ஒரு யுஎஸ்பி இணைப்பு. வெளியே தெரிவதோ நான்கு துளைகள். ஒன்றை நான்காகப் பிரிப்பது, போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட ஒரு ஹப் சில்லு. கடையில் வாங்கி மாட்டுகிற ஹப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. வித்தியாசம் கரண்டில் இருக்கிறது. 1996-இல் யுஎஸ்பி வந்தபோது அது கொடுத்த பெரிய வாக்குறுதி, எதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்பது. கருவியைச் செருகியதும் துளையிலிருந்து 5 வோல்ட் கிடைக்கும். கருவி உடனே டேட்டா கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் வரவைத் தெரிவிக்கும். நீ யார் என்று கெர்னல் கேட்கும். தயாரித்தவர் எண் இது, பொருள் எண் இது என்று பதில் வரும். இந்த ஏற்பாட்டில் ஒரு கன்ட்ரோலருக்குக் கீழ் 127 கருவிகள் வரை இருக்கலாம்.

போர்டுக்குள் இருக்கும் ஹப்புக்கு அப்படிக் கரண்ட் தானாக வந்துவிடாது. கரண்டைக் கொடுக்கும் ஒரு ரெகுலேட்டரைத் திறந்துவிட வேண்டும். ரீசெட் பின்னை விடுவிக்க வேண்டும். சில சில்லுகளுக்கு வெளியிலிருந்து கிளாக்கும் வேண்டும். இவை நடக்கும்வரை ஹப் வாய் திறக்காது. ஹப் வாய் திறந்தால்தான் கெர்னலுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியும். தெரிந்தால்தான் அதற்குரிய டிரைவர் ஓடி ரெகுலேட்டரைத் திறக்கும். பூண்டி ஏரியின் மதகு மூடியிருக்கும்போது, அதன் நீர் போய்ச் சேரும் புழலில் நின்றுகொண்டு கால்வாயைப் பார்த்தால், அது நீர் வரும் கால்வாயா, வறண்ட பள்ளமா என்று எப்படித் தெரியும்? எந்த மதகைத் தூக்கினால் எந்தக் கால்வாயில் நீர் வரும் என்று யாராவது முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

காக்களூர் பெட்டியில் முதல் அரை நிமிடம் எல்லாம் ஓடியது எப்படி? கெர்னலுக்கு முன்னால் ஓடும் பூட்லோடர் அந்த ரெகுலேட்டரைத் திறந்துவிட்டிருந்தது. பிறகு பொறுப்பேற்ற கெர்னல் சுமார் 30 நொடி காத்திருந்து, திறந்து கிடக்கும் ரெகுலேட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. யாரும் உரிமை கொண்டாடாதவற்றை மூடியது. ஆள் இல்லாத அறையில் சுற்றும் ஃபேனை அணைப்பது போன்ற நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த அறையில் ஆள் இருந்தார், பதிவேட்டில் பெயர் இல்லை. சீரியல் கேபிள் மாட்டிப் பார்த்தபோது கெர்னல் எழுதிய லாக்கின் கடைசி வரியில் ரெகுலேட்டரின் பெயரும், பக்கத்தில் 'டிஸேபிளிங்' என்ற சொல்லும் இருந்தன.

ஹப்பின் பெயர் விடுபட்ட அந்தப் பதிவேட்டுக்கு டிவைஸ் ட்ரீ, அதாவது கருவி மரம், என்று பெயர். எந்தச் சில்லு எதனோடு எந்தப் பின்னில் இணைந்திருக்கிறது என்று கிளை கிளையாக எழுதிய ஒரு கோப்பு. 1994-இல் தரமாக்கப்பட்ட ஓப்பன் ஃபர்ம்வேர் முறையிலிருந்து வந்தது. ஏஆர்எம் வகை ப்ராசசர் உள்ள போர்டுகளுக்கான இந்த விவரங்களை முன்பெல்லாம் கெர்னலின் நிரலுக்குள்ளேயே போர்டுக்கு ஒரு கோப்பாக எழுதித் திணித்தார்கள். 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குவியலைக் கண்டு வெளிப்படையாகக் கோபப்பட்டார். அதற்குப் பிறகுதான் ஏஆர்எம் உலகம் வேகமாக டிவைஸ் ட்ரீக்கு மாறியது. ஆர்ஐஎஸ்சி-ஃபைவ் ப்ராசசர் குடும்பத்துக்கும் இதே வழிதான்: கெர்னலுக்குள் நுழையும்போதே, இந்த மரம் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரி ஒரு ரெஜிஸ்டரில் தயாராக இருக்கும். 2018-இல் லினக்ஸை ஓட்டிக்காட்டிய சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசசர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

யுஎஸ்பி தானே அறிமுகம் செய்துகொள்ளும் என்பதால், ஹப்பை மரத்தில் எழுத வேண்டும் என்று நெடுநாள் யாருக்கும் தோன்றவில்லை. பதிலாக ஒரு குறுக்கு வழி பழகிப்போனது. ரெகுலேட்டரைப் பற்றிய குறிப்பில் 'எப்போதும் திறந்தே இருக்கும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுவது. வேலை நடக்கும். ஆனால் அது உண்மையில்லை, அந்த ரெகுலேட்டரை மூட முடியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருட்டாலைகளையும் உலைகளையும் நினைத்துப் பாருங்கள். பெரிய மோட்டார்கள் ஏறி இறங்கும்போது மின்சாரத்தில் வரும் அதிர்வில் ஹப் உறைந்துபோனால், அதன் கரண்டை ஒருமுறை துண்டித்துக் கொடுப்பதுதான் மருந்து. 'எப்போதும் திறந்தே' என்று எழுதிவிட்டால் கெர்னல் அதைச் செய்யாது. இப்படியொரு பெட்டி இருக்கும் எடைமேடை அறைக்கு யாராவது நடந்து போய்ப் பிளக்கைப் பிடுங்க வேண்டும், இரவு ஷிஃப்ட்டானாலும்.

நேரான தீர்வு 2022 அக்டோபரில் வந்த லினக்ஸ் 6.0-இல் சேர்ந்தது. கூகுளின் மத்தியாஸ் கேல்கே எழுதிய டிரைவர் அது. 20 முறைக்கு மேல் திருத்தித் திருத்தி அனுப்பிய பிறகே ஏற்கப்பட்டது. அந்தத் தாமதத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், கேள்வி அவ்வளவு சிக்கலானது. டிரைவருக்கு இரண்டு பாதிகள். ஒரு பாதி மரத்தை மட்டும் படித்து, ஹப் பேசுவதற்கு முன்பே ரெகுலேட்டரைத் திறந்து ரீசெட்டை விடுவிக்கும். ஹப் விழித்து யுஎஸ்பி வழியாகத் தன்னைச் சொன்னதும் மறு பாதி அதைப் பிடித்துக்கொண்டு முதல் பாதியோடு சேர்ந்துகொள்ளும். யுஎஸ்பி 3 ஹப் என்றால் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரே சில்லுக்குள் யுஎஸ்பி 2-க்கு ஒன்று, 3-க்கு ஒன்று என இரண்டு ஹப்கள் குடியிருக்கின்றன. கெர்னலின் கண்ணுக்கு அவை தனித்தனி ஆட்கள், கரண்டோ ஒன்றுதான். அதனால் இரண்டுக்கும் தனித்தனிக் கிளை எழுதி, இது அதன் ஜோடி என்று குறிக்க வேண்டும்.

வகுப்பறைகளில் பலர் தொட்டிருக்கும் பழைய ராஸ்பெர்ரி பை போர்டின் மரத்திலும் ஹப்பைப் பற்றி இப்படியொரு குறிப்பு உண்டு. அந்த போர்டின் ஹப்பும் ஈதர்நெட்டும் ஒரே சில்லில் இருக்கின்றன. நெட்வொர்க் முகவரியை வைத்துக்கொள்ள அந்தச் சில்லுக்குத் தனி நினைவகம் இல்லை. எனவே ஃபர்ம்வேர் அந்த முகவரியை மரத்தில் எழுதிவைக்க, கெர்னல் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது.

காக்களூரில் இருந்தது 2514 என்ற நான்கு துளை ஹப். மரத்தில் அதன் பெயர் 'யுஎஸ்பி424,2514': முதல் எண் தயாரித்தவருடையது, இரண்டாவது பொருளுடையது, ஹப் தன் வாயால் சொல்லும் அதே எண்கள். ரெகுலேட்டரையும் ரீசெட் பின்னையும் சேர்த்து எழுதினேன், மொத்தம் பத்து வரிகூட இல்லை. போட்டால், இந்த முறை கீபோர்டு முதல் நொடியிலிருந்தே வரவில்லை. சர்க்யூட் வரைபடத்தை மறுபடி விரித்தேன். அந்த ரீசெட் பின் தாழ்ந்தால்தான் ரீசெட். நான் உயர்ந்தால் என்று எழுதியிருந்தேன். நான் எழுதியதை அப்படியே நம்பி, கெர்னல் ஹப்பை ரீசெட்டிலேயே அழுத்திப் பிடித்திருந்தது.

ஒரு சொல்லைத் திருத்தி மறுபடி ஏற்றினேன். சூப்பர்வைசர் கையில் போனை வைத்து நொடி எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பது தாண்டியதும் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியை எடுத்து ஸ்கேனருக்குக் கீழே நீட்டினார். பீப் என்றது.