கொடை ஏறுமுன் ஒரு சார்ஜ்

மதுரையிலிருந்து எலெக்ட்ரிக் காரில் கொடைக்கானல் கிளம்புகிறவர்கள், வாடிப்பட்டி தாண்டும்போது டேஷ்போர்டு காட்டும் ரேஞ்சை அப்படியே நம்பிவிடக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் அது, இதுவரை சமவெளியில் ஓடியதை வைத்துச் சொல்லும் உத்தேசக் கணக்கு. எதிரே மலை இருப்பது அதற்குத் தெரியாது. வாடிப்பட்டியிலிருந்து கொடைரோடு, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாக மேலே போய்ச் சேர நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சமதளமாக இருந்தால் யூனிட்டுக்கு ஆறு, ஆறரை கிலோமீட்டர் வீதம் 15 யூனிட்டில் முடிந்துவிடும். ஆனால் நாலு பேரும் பெட்டிகளுமாக 1,800 கிலோ எடையை ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் அந்தத் தூக்கலுக்கு மட்டும் 9 யூனிட்டுக்கு மேல் ஆகும். மொத்தம் 25 யூனிட் என்று வையுங்கள். 2020-இல் வந்த முதல் டாடா நெக்ஸான் இவியின் பேட்டரி மொத்தமே 30.2 யூனிட்தான். மதுரையில் பாதி சார்ஜோடு கிளம்பியவர் ஏறி முடிக்க முடியாது.

ஆகவே கீழேயே எங்காவது போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். எங்கே போடுவது, எவ்வளவு நேரம் ஆகும், என்ன செலவாகும் என்று கேட்டால் மூன்றுக்கும் பதில் ஒன்றையொன்று இழுக்கும்.

முதலில் நேரம். வீட்டில் 15 ஆம்ப் பிளக்கில் மாட்டினால் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். சுவரில் தனிப்பெட்டி வைத்துப் போட்டால் 7 யூனிட். நெடுஞ்சாலையில் அலமாரி உயரத்துக்கு நிற்கிறதே, அந்தச் சார்ஜரில் 30, 60, 120 கிலோவாட் என்று எழுதியிருக்கும். ஏன் இவ்வளவு வித்தியாசம்? மின்வாரியம் தருவது ஏசி மின்சாரம். பேட்டரி வாங்கிக்கொள்வது டிசி மட்டும். நடுவே யாராவது மாற்றித் தர வேண்டும். வீட்டில் போடும்போது அந்த வேலையைக் காருக்குள் இருக்கும் சிறு கருவி செய்கிறது. எடையும் விலையும் கூடக் கூடாதென்று அதைச் சின்னதாகவே வைத்திருக்கிறார்கள். வேகச் சார்ஜரில் இந்த மாற்றும் கருவி வெளியே, அந்த அலமாரிக்குள் இருக்கிறது. எவ்வளவு பெரிதாகவும் செய்யலாம். அது மாற்றிய டிசியை நேரே பேட்டரிக்கே அனுப்பிவிடும். கையில் எடுக்கும் கன்னை, அதாவது கேபிள் முனையை, கவனித்தால் மேலே வட்டமாகச் சில துளைகளும் கீழே இரண்டு பெரிய துளைகளும் தெரியும். அந்தக் கீழ் இரண்டும்தான் டிசி வரும் வழி. சிசிஎஸ்-2 என்கிற இந்த அமைப்பைத்தான் இப்போது நம் ஊரில் விற்கும் கார்களில் பெரும்பாலும் வைக்கிறார்கள்.

இனிப் பலர் ஏமாறும் இடம். பலகையில் 120 கிலோவாட் என்றிருந்தால் மணிக்கு 120 யூனிட் ஏறிவிடும் என்று அர்த்தமில்லை. கன்னை மாட்டியதும் காரும் சார்ஜரும் சில விநாடிகள் பேசிக்கொள்கின்றன. எவ்வளவு வேண்டும் என்று கேட்பது கார். அதற்கு மேல் ஒரு துளியும் சார்ஜர் தராது. முதல் நெக்ஸான், வேகச் சார்ஜரில் 80 சதவீதத்தைத் தொட ஒரு மணி நேரம் எடுக்கும் வண்டி. அதாவது சுமார் 24 யூனிட்டுக்கு ஒரு மணி. அதை 120-இல் மாட்டினாலும் அதே ஒரு மணிதான். மறுபுறம், மகிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகப்படுத்திய பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டும் 175 கிலோவாட் வரை வாங்கக்கூடியவை. 20-லிருந்து 80 சதவீதத்துக்கு 20 நிமிடம் என்பது நிறுவனத்தின் கணக்கு. அந்த வண்டியைக் கொண்டுபோய் 30 கிலோவாட் சார்ஜரில் நிறுத்தினால் ஓட்டலில் இரண்டாவது காபியும் குடிக்கலாம். கார் வாங்கும்போது ரேஞ்சைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறவர்கள், டிசியில் எவ்வளவு வாங்கும் என்று ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வெளியூர் ஓட்டம் உள்ளவருக்கு முதல் கேள்வியே அதுதான்.

80 சதவீதம் என்று எல்லாரும் ஏன் நிறுத்துகிறார்கள்? மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் காலி பஸ் வந்து நின்றால் முதல் முப்பது பேர் ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். கடைசி நாலு பேர்தான் எந்த சீட் காலி என்று தேடித்தேடி உள்ளே போவார்கள். பேட்டரிக்குள்ளும் லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர வேண்டும். இடம் குறையக் குறைய வேகமாகத் தள்ளினால் அவை உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது பேட்டரியின் ஆயுளைத் தின்னும். அதனால் 80-ஐ நெருங்கும்போது காரே வேகத்தைக் குறைக்கிறது. கடைசி 20 சதவீதத்துக்கு, அதற்கு முந்தைய 60 சதவீதத்துக்கு ஆன நேரமே ஆனாலும் ஆச்சரியமில்லை. பின்னால் இரண்டு வண்டி காத்திருக்கும்போது 97, 98 என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், தன் நேரத்தோடு அடுத்தவர் நேரத்தையும் வீணாக்குகிறார்.

வெயிலும் ஒரு காரணம். சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் 40 டிகிரியைத் தொடும் மதியத்தில், நெடுஞ்சாலையில் விரட்டி வந்த சூட்டோடு கன்னை மாட்டினால், குளிரூட்டும் வேலைக்கே கொஞ்சம் மின்சாரம் போகும். அதற்கும் அடங்காவிட்டால் கார் தானாகவே வாங்கும் அளவைக் குறைத்துக்கொள்ளும். கூரை போட்ட சார்ஜருக்கும் வெட்டவெளியில் நிற்கும் சார்ஜருக்கும் வித்தியாசம் உண்டு.

அடுத்து இடம். இங்கிலாந்தில் காருக்குச் சார்ஜ் போடும் வேலையை சூப்பர்மார்க்கெட்டுகள் எடுத்துக்கொண்டன. வாரச் சாமான் வாங்க வருகிறவர் முக்கால் மணி நேரம் கடைக்குள் சுற்றுவார், அதற்குள் வண்டியில் சார்ஜ் ஏறிவிடும் என்பது கணக்கு. டெஸ்கோ தன் கடைகளில் மெதுவான சார்ஜர்களை இலவசமாகவே தந்துவந்தது. மின்சார விலை ஏறியதும் 2022 நவம்பரில் கட்டணம் வைத்தது. செயின்ஸ்பரிஸ் 2024 தொடக்கத்தில் ஸ்மார்ட் சார்ஜ் என்ற பெயரில் சொந்தமாகவே வேகச் சார்ஜர் தொழிலில் இறங்கிவிட்டது. நம்மிடம் அந்தக் கணக்கு எடுபடாது. மளிகைக்கு நாம் காரை எடுத்துக்கொண்டு போவது குறைவு. போனாலும் கடைவாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. பெருநகர மால்களில் மட்டும் அது நடக்கிறது. சென்னை ஸ்பென்சர் பிளாசாவில் ஹூண்டாய் 180 கிலோவாட் சார்ஜர் வைத்திருப்பது அந்த வகை.

நம் ஊரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழும் இடம் நெடுஞ்சாலை ஓட்டல்தான். பெங்களூரிலிருந்து மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் போகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வாடிப்பட்டி வழியாகத்தான் ஓடுகிறது. கோவையிலிருந்து திண்டுக்கல் வந்து மதுரை போகிறவர்களுக்கும் இதுவே பாதை. கைகழுவி, இலை போட்டு, குழந்தைகளுக்கு இன்னொரு தோசை சொல்லி, பில் கொடுத்து வெளியே வர 40 நிமிடம் தாராளமாக ஆகும். பெட்ரோல் பங்க்குகளும் வைக்கத்தான் செய்கின்றன. பாரத் பெட்ரோலியம் 2022-இல் சென்னை–திருச்சி–மதுரை சாலையில் பத்து பங்க்குகளில் வேகச் சார்ஜர் வைத்துத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கும் சேர்த்து 7,432 சார்ஜிங் நிலையங்களுக்காக மத்திய அரசு 800 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனால் பங்க்கில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்று யாருக்குப் பழக்கம்? கழிப்பறையும் நிழலும் டீயும் இல்லாத பங்க்கில் 50 நிமிடம் என்பது தண்டனை. சார்ஜரின் கிலோவாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் பார்ப்பேன்.

ஓட்டல்காரர் சார்ஜர் வைக்க லைசென்ஸ் வேண்டாம். காருக்குச் சார்ஜ் போட்டுத் தருவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நெடுஞ்சாலையில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்று, சாலையின் இரு பக்கமும் இருக்க வேண்டும் என்பதும் அரசு வகுத்த அளவுகோல். அந்த ‘இரு பக்கமும்’ சும்மா எழுதியதல்ல. நான்குவழிச் சாலையில் நடுவே தடுப்பு ஓடுகிறது. மேப்பில் முந்நூறு மீட்டர் என்று காட்டும் சார்ஜர் எதிர்ப்பக்கம் இருந்தால், பாலத்தடி தேடிப் போய்த் திரும்பி, மறுபடி வந்து திரும்ப வேண்டும்.

லைசென்ஸ் வேண்டாமே தவிர, லோடு வேண்டும். 60 கிலோவாட் என்பது ஒன்றரை டன் ஏசி நாற்பது ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி. பல இடங்களில் தனி டிரான்ஸ்ஃபார்மர் கேட்க வேண்டிவரும். நாளுக்கு இருபது கார் வந்தாலும் இரண்டே கார் வந்தாலும் அந்த லோடுக்கான நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். வாடிப்பட்டி மாதிரி ஊரில் சனி, ஞாயிறு கொடைக்கானல் கூட்டமும் செவ்வாய்க்கிழமை வெறுமையுமாக இருந்தால் முதலாளிக்குக் கட்டுபடியாவது சிரமம்தான். வெளிச் சார்ஜரில் யூனிட் விலை வீட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதற்கு இது பெரிய காரணம். மேலே 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 45 யூனிட் பேட்டரி, 20 சதவீதத்தில் வந்து 80-இல் கிளம்புகிறீர்கள் என்றால் ஏறுவது 27 யூனிட். யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால் வரியோடு 637 ரூபாய். சமவெளியில் அது சுமார் 175 கிலோமீட்டர் ஓடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு அதே தூரம் 1,150 ரூபாயைத் தாண்டும். வீட்டிலேயே யூனிட் 8 ரூபாயில் போட்டிருந்தால் 216 ரூபாய். தினமும் வெளியே வேகச் சார்ஜர் போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்கிற நிலையில் இருப்பவர், எலெக்ட்ரிக் வாங்கினால் மிச்சமாகும் என்று யாரோ சொன்னதைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. பகல் நேரத்தில் விலை இறங்க வாய்ப்பு உண்டு. சூரிய மின்சாரம் மிகும் காலை 9 முதல் மாலை 4 வரை சார்ஜிங் நிலையங்களுக்குக் குறைந்த விலையிலும் மற்ற நேரம் கூடுதல் விலையிலும் மின்சாரம் தரலாம் என்று மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது.

கிளம்பும்முன் செய்ய வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் ஆப், ஒவ்வொன்றிலும் ஒரு வாலட். சிக்னல் இல்லாத இடத்தில் நின்று ஓடிபிக்குக் காத்திருப்பதைவிட, வழியில் எந்த நிறுவனங்களின் சார்ஜர் என்று பார்த்து வீட்டு வைஃபையிலேயே இறக்கிப் பதிவு செய்துவிடலாம். மேப்பில் இருக்கிற சார்ஜர் எல்லாம் வேலை செய்கிற சார்ஜர் இல்லை. கடைசியாக எப்போது யார் போட்டார்கள் என்று ஆப்பில் பார்த்துவிட்டுப் போங்கள். ஒரே பெட்டியில் இரண்டு கன் இருந்தால் பக்கத்தில் இன்னொரு கார் வந்ததும் 60 கிலோவாட் இரண்டு முப்பதாகப் பிரியலாம். காலி பெட்டி இருந்தால் அதற்குப் போவது புத்திசாலித்தனம். கேபிள் நீளமும் ஒரு தலைவலிதான். சில கார்களுக்கு மூடி முன்மூக்கில், சிலவற்றுக்குப் பழைய பெட்ரோல் மூடி இருந்த பின்பக்கத்தில். வண்டியை எந்தப் பக்கமாக விட வேண்டும் என்று நிறுத்தும்முன் பார்த்தால் இரண்டு முறை ரிவர்ஸ் எடுக்க வேண்டாம். நடுவே கரண்ட் போனால் சார்ஜ் நின்றுவிடும். வந்ததும் பெரும்பாலும் நீங்களே ஆப்பில் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். அதனால் சாப்பிடப் போனாலும் போனை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

திரும்பி வருவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கொடைக்கானலில் தங்கும் விடுதியில் பிளக் கிடைத்தது என்று இரவெல்லாம் போட்டு 100 சதவீதத்தோடு இறங்க வேண்டாம். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து மின்சாரத்தைத் திரும்பப் பேட்டரிக்கு அனுப்பும். ஏறச் செலவான 9 யூனிட்டில் ஒரு பகுதி அப்படித்தான் திரும்பக் கிடைக்கிறது. வத்தலக்குண்டு வந்து சேரும்போது சதவீதம் சற்று ஏறியிருப்பதும் உண்டு. பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்கு இடமில்லை. ரீஜென் எனப்படும் அந்த மோட்டார் பிரேக் வேலை செய்யாது, கொண்டை ஊசி வளைவு முழுக்கக் கால் பிரேக்கையே நம்பி வர வேண்டும், அதுவும் சூடாகும். 80 சதவீதத்தில் கன்னைக் கழற்றிவிட்டு இறங்குங்கள்.