தானாக நகர்ந்த அம்புக்குறி

மும்முனை மின்சாரம் வந்ததும் திருநாவலூர் வயல்களில் போர்வெல் மோட்டார்கள் உறுமத் தொடங்கும். அவற்றை ஓட்டும் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி. கூடங்குளம் அணுமின் நிலையத்து டர்பைன் சுற்றுவதும் விநாடிக்கு 50 முறைதான். 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்வலையை நாட்டின் மற்ற பகுதியோடு இணைக்கும் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை திறந்தபின் காஷ்மீர் வரை ஒரே தாளம். 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது நாம் தப்பியதே, தென்னகம் அப்போது தனித் தாளத்தில் ஓடியதால்தான். இன்று அந்தச் சலுகை கிடையாது.

இந்தத் தாளத்தைக் காக்கும் கணினிகளுக்குள் நுழையப் பார்க்கிறவர்கள் உண்டு. 2019 அக்டோபர் 28 அன்று ‘டீட்ராக்’ என்ற வேவு நிரலின் மாதிரி ஒன்று இணையத்தில் கிடைத்தது. விசைப்பலகையில் தட்டுவதையும் பிரவுசரில் பார்ப்பதையும் கோப்புப் பட்டியலையும் சேர்த்துத் திருடும் நிரல் அது. அந்த மாதிரிக்குள் கூடங்குளம் நிலையத்தின் சுருக்கப்பெயரோடு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்று எழுதப்பட்டிருந்தது! கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் அல்ல அது.

மறுநாள் நிலையம் மறுத்தது: கட்டுப்பாட்டு அமைப்பு வெளி வலையோடு இணைக்கப்படவில்லை, தாக்க வழியே இல்லை என்றது. அடுத்த நாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கணினி ஒன்றில் நிரல் இருந்தது உண்மை. உலையின் கணினிகளுக்குப் பாதிப்பில்லை. கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே தகவல் தந்திருந்தது. மக்கள் காதுக்கு வர எட்டு வாரம்.

உலையின் கணினிகளைத் தனித்து வைத்திருந்தது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஈரானின் நடான்ஸில் தனித்திருந்த கணினிகளுக்குள்ளும் ஸ்டக்ஸ்நெட் என்ற நாச நிரல் புகுந்ததை 2010-லேயே உலகம் பார்த்துவிட்டது. பென்டிரைவில் தொற்றிப் பரவக்கூடியது அது. ஆகவே நடந்ததை உடனே சொல்வதும் முக்கியம். ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்லவேண்டும் என்று 2022-இல் உத்தரவு வந்தது. ஒருவர் மறைத்தால் அடுத்தவர் அதே கதவைத் திறந்துவைத்திருப்பார் என்பதால், இந்த உத்தரவைத்தான் எந்தப் பாதுகாப்பு மென்பொருளையும்விடப் பெரிதாக நினைக்கிறேன்.

உள்ளே வந்தே விட்டால்? 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனின் மின்விநியோக நிறுவனம் ஒன்றில், ஊழியர் கண்ணெதிரே திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தது. மூன்று நிறுவனங்களின் சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டன. புகார் சொல்ல முடியாதபடி போலி அழைப்புகளால் தொலைபேசியையும் அடைத்தார்கள். துணை மின் நிலையங்களோடு பேசும் கருவிகளின் உள்நிரலையும் அழித்துவிட்டதால் திரையிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை. ஊழியர்கள் வண்டியேறித் துணை மின் நிலையங்களுக்குப் போய்க் கையால் பிரேக்கர்களை மூடினார்கள். சில மணி நேரத்தில் விளக்கெரிந்தது.

நம் மின்வாரியத்தில் எந்த ஏபி சுவிட்ச் எந்தத் தெருவுக்கு என்று மனப்பாடமாகத் தெரிந்த லைன்மேன்கள் இன்னும் இருக்கிறார்கள். துணை மின் நிலையங்களைத் தொலைவிலிருந்தே இயக்கும் திட்டம் போடும்போது, ஆண்டுக்கு ஒரு நாளாவது திரைகளை அணைத்துவிட்டு இவர்களை வைத்து ஒத்திகை பார்ப்பதையும் அதே மதிப்பீட்டில் எழுதிவிடலாம். செலவு அதிகமில்லை.